பானையும் பாத்தியும்

வைகாசி பிறந்து ஒரு வாரம். எதிர்வீட்டு அக்கா விடியுமுன் மரக்காணம் உப்பளத்துக்குப் போய்ப் பத்தரை மணி வாக்கில் திரும்புவார். வரும் வழியில் என் வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்வது வழக்கம். பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுப்பேன். அண்ணாந்துதான் குடிப்பார், ஆனால் முதல் மடக்கை உடனே விழுங்கமாட்டார், வாயில் சற்று நேரம் வைத்திருப்பார். இன்று அப்படி வைத்திருந்து விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“மேல்காத்து அடிக்குது தம்பி. அதான் தண்ணி இப்படி ஜில்லுனு இருக்கு. அங்க பாத்தியிலயும் உப்பு நல்லா வெளைஞ்சிருக்கு.”

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துப் போய்விட்டார். பத்து வருஷமாக இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பானையும் தெரியும், பாத்தியும் தெரியும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பானையின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. கசிகிற தண்ணீர் காற்றோடு போகிறது. சும்மா போவதில்லை, சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீரை இந்த ஊர்ச் சூட்டிலிருந்து கொதிக்கவைக்க 70 கலோரி போதும். அதே ஒரு கிராம் ஆவியாகப் போக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அதைப் பக்கத்துத் தண்ணீரிடமிருந்துதான் பிடுங்கிக்கொள்ளும். பாத்தியிலும் தண்ணீர் இப்படியேதான் போகிறது. பானையில் மிஞ்சுவது குளிர்ச்சி; பாத்தியில் மிஞ்சுவது உப்பு.

மேல்காத்து மேற்கே தரையிலிருந்து வரும் உலர்ந்த காற்று. காற்று ஈரமாக இருந்தால் இரண்டு வேலையும் படுத்துவிடும். மத்தியானம் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெயில் 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்றால் பானைத் தண்ணீர் 26 டிகிரி வரை இறங்க வழியிருக்கிறது. கடற்காற்று வந்து வெயில் 33 டிகிரிக்குத் தணிந்து, ஈரப்பதம் 75க்கு ஏறிவிட்டால் பானை தலைகீழாக நின்றாலும் 29க்குக் கீழே போகாது. வெயில் அதிகமான நாளில்தான் தண்ணீர் அதிகம் குளிர்கிறது. அக்கா இதைக் கணக்குப் போடாமலேயே நாக்கில் தெரிந்து வைத்திருக்கிறார்.

*

அண்ணன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். பதின்மூன்று வயது. வந்த மறுநாளே, “சித்தப்பா, ஐஸ் டீ போடத் தெரியுமா?” என்றாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தது, உப்புக் காற்று நான்கே வருஷத்தில் பின்பக்கக் குழாயைத் தின்றுவிட்டது. மெக்கானிக் வந்து, “கேஸ் போயிடுச்சு சார். இந்த ஊர்ல இது இவ்ளோ நாள் நின்னதே பெருசு” என்றார். இப்போது அதற்குள் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. கதவு நன்றாக மூடுவதால் கரையான் ஏறுவதில்லை.

*

முதல் முயற்சி. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கடையில் வாங்கிய டீத்தூளைப் போட்டு, வடிகட்டி, தூக்கில் ஊற்றி, தூக்கைப் பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே எண்ணெய்போல ஓர் ஆடை. அதற்குக் கீழே சேறு கலந்த நிறம். குடித்தால் கொஞ்சம் உப்பு, நிறையத் துவர்ப்பு.

“சித்தப்பா, இது கழுவெளி மாதிரி இருக்கு” என்றாள்.

கழுவெளியைத் தப்பாகச் சொல்லக்கூடாது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். மழைக்காலத்தில் மேற்கேயிருந்து நல்ல தண்ணீர் வந்து சேரும். பூநாரைகள் அந்தக் கலங்கலில்தான் தலையைக் கவிழ்த்து இரை தேடுகின்றன. ஆனால் குவளையில் பார்க்க அது அழகாக இல்லை. அவள் சொன்னது சரி.

*

இந்த ஊரில் அடைமொழி இல்லாமல் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. கடல் தண்ணி, கழித் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி, மழைத் தண்ணி. “தண்ணி கொண்டா” என்று சொன்னால், “எந்தத் தண்ணி?” என்று எதிர்க்கேள்வி வரும். போர் தண்ணீர் துணி துவைக்கவே லாயக்கில்லை, சோப்பு நுரைக்காது. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் டீயில் ஆடையாகப் படிகிறது. நான் அந்தத் தண்ணீரில் டீ போட்டது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

கலங்கலுக்குத் தண்ணீரோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. டீயில் காஃபினும் துவர்ப்புச் சத்துகளும் சூட்டில் தனித்தனியே கரைந்து நிற்கும். ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பொடிப்பொடியாகப் பிரிந்து மிதக்கும். டீக்கடைத் தூள் கடுமையாகச் சாறு இறங்கும்படி நசுக்கிச் சுருட்டியது. பாலுக்கு ஈடுகொடுக்க அது வேண்டும். பாலில்லாமல் ஆறவைத்தால் அந்தக் கடுமையே கலங்கலாக வரும். நீலகிரியில் முழு இலையாக உருட்டிக் காயவைக்கும் தேயிலை ஒன்று உண்டு. ஆறினாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும் என்று அதற்குப் பெயர். அடுத்த வாரம் விழுப்புரம் போனபோது கால் கிலோ வாங்கி வந்தேன்.

பாக்கெட்டைப் பிரிக்கும்போது டான்டீ ஞாபகம் வந்தது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தோட்டங்கள் அவை. அங்கே கொழுந்து கிள்ளிய கைகள் இங்கே வந்து கொழுந்து கிள்ளின. இந்த இலையை எந்தக் கை கிள்ளியதோ, எனக்குத் தெரியாது. உப்புப் பாக்கெட்டின் மேலும் கையின் பெயர் போடுவதில்லை.

*

முற்றத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தரையில் எதுவும் வராது, எல்லாம் தொட்டியில்தான். துளசிக்குக் கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஓமவல்லி எந்தத் தண்ணீரையும் குடித்துக்கொண்டு சதைப்பற்றோடு நிற்கிறது. எலுமிச்சைப் புல் ஒரு தூர். புதினா மட்டும் சந்தையிலிருந்து வர வேண்டும்.

ஓமவல்லி இலை ஒன்றைக் கசக்கிப் போட்டுப் பார்த்தேன். டீ இருமல் மருந்தாகிவிட்டது. அது சளி பிடித்த குழந்தைக்குச் சட்டியில் வாட்டிச் சாறு பிழிய வேண்டிய இலை. எல்லா மணத்தையும் எல்லாவற்றிலும் போடுவது என் பேராசை. துளசி பரவாயில்லை. ஆனால் கோயில் தீர்த்தத்தின் நினைவு முன்னால் வந்து நின்றுகொள்கிறது, டீ பின்னால் போய்விடுகிறது. எலுமிச்சைப் புல்லும் புதினாவும் தேயிலையோடு சண்டை போடவில்லை. புல்லின் தாளை முடிச்சுப் போட்டுத் தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம், அது தாங்கும். புதினா தாங்காது. அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூட வேண்டும். கொதித்த புதினாவில் வைக்கோல் வாசம் வரும்.

சர்க்கரை குளிர்ந்த டீயில் கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். அதற்கு இருக்கவே இருக்கிறது நன்னாரி. வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். 50 கிராம் வேருக்கு அரை லிட்டர் தண்ணீர். காலையில் வடித்து, அரைக் கிலோ சர்க்கரை சேர்த்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கினேன். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்கள். அடுக்கு மட்டும்தான் வேறு. அண்ணன் மகள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, “ஐஸ்கிரீம் வாசம்” என்றாள். எனக்கு அது தாத்தா வீட்டுச் சர்பத் பாட்டில் வாசம்.

வெட்டிவேரும் வைத்திருந்தேன். கடலூர்ப் பக்கம் கரையோர மணல் கிராமங்களில் பயிராகிற வேர். மண் போக நாலைந்து முறை அலசி, டீயில் போட்டுப் பார்த்தேன். தேயிலை அதை அமுக்கிவிட்டது. அதை அப்படியே ஓரமாக வைத்தேன். அதற்கு வேறு வழி பிறகு கிடைத்தது.

*

குளிர்ச்சிக்குப் பானை போதாது. 26 டிகிரி ஐஸ் டீ ஆகாது. ஐஸ் வேண்டும்.

கடற்கரை ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீனுக்காக வரும் ஐஸ் பார். சாக்கில் சுற்றி, உமி தூவி, வண்டியில் வைத்து இடித்துத் தருவார்கள். ஆனால் அது வாயில் போடுகிற ஐஸ் இல்லை. மீனுக்கும் குளிர்சாதனத்துக்கும் செய்யும் ஐஸை அடையாளம் தெரியும்படி நீலச் சாயம் சேர்த்துச் செய்யவேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக நம்பி வாங்கிக் குவளையில் போட நான் தயாரில்லை. வெளியே வைத்துக் குளிர்விக்க மட்டும் அது போதும்.

ஐஸை இந்தக் கரையில் கண்டது அப்படியொன்றும் பழைய கதையில்லை. 1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஒரு கப்பல், குளிர்காலத்தில் குளங்களில் அறுத்த ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தது. நாலு மாதப் பயணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்து போக, மிச்சம் வந்து சேர்ந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. அதை வைக்க 1842இல் மெரினாவில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். பஸ் நிறுத்தத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் கரையாமல் நிற்கிறது.

ஐஸ் டீயையே அமெரிக்கர்களுக்குப் பழக்கியது நம் தேயிலைதான் என்று ஒரு கதை உண்டு. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் இந்தியத் தேயிலையை விற்கப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததைப் பார்த்து ஐஸில் ஊற்றிக் கொடுத்தாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1879இலேயே வெளிவந்த ஒரு வர்ஜீனியாச் சமையல் புத்தகத்தில் ஐஸ் டீக்குக் குறிப்பு இருக்கிறது. வெயில் காலத்தில் டீ ஆறிப்போவதும், ஆறியதை யாராவது எடுத்துக் குடிப்பதும் யாரும் கண்டுபிடிக்கவேண்டிய சங்கதியா என்ன?

*

சனிக்கிழமை. ஐஸ் மூன்று கிலோ, கல்லுப்பு ஒரு கிலோ.

ஐஸோடு உப்பைச் சேர்த்தால் ஐஸ் உருகத் தொடங்கும். ஆனால் வாளியின் சூடு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். உருகுவதற்கு வேண்டிய சூட்டை அது தன்னிடமிருந்தே எடுக்கிறது. சரியாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகும். வாளியில் அவ்வளவு வராது, அதில் பாதி வந்தாலே எனக்குப் போதும். குல்ஃபி விற்கிறவர்கள் பானைக்குள் செய்கிற காரியம் இதுதான்.

குல்ஃபி அச்சு ஆறு இருந்தது, கூம்பு வடிவத் தகரக் குப்பிகள். அவற்றில் டீயை ஊற்றி உறையவைக்கலாம் என்பது முதல் யோசனை. குவளையில் போட்டால் டீ நீர்க்காது. ஊற்றப் போகும்போதுதான் ஓரமாக வைத்த வெட்டிவேர் கண்ணில் பட்டது. கொதித்து ஆறிய கேன் தண்ணீரில் அதை ராத்திரியே ஊறப்போட்டிருந்தேன். லேசான மஞ்சள். மழை விழுந்த புது மண்ணும் பழைய பாயும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அதையே குப்பிகளில் ஊற்றினேன்.

மூடியைச் சுற்றிப் பிசைந்த மைதா மாவை அப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முதல் தடவை ஆறு குப்பியிலும் உப்புத் தண்ணீர் புகுந்து, எதுவும் உறையாமல் பனிச்சேறாக நின்றது. உறையாததுதான் சாட்சி: உப்பு உள்ளே போனால் தண்ணீர் உறைய மறுக்கும். மறுபடி கழுவி, ஊற்றி, மாவு அப்பி, வாளியில் நட்டு, ஐஸும் உப்பும் மாற்றி மாற்றித் தூவினேன். அண்ணன் மகள் வாளியின் காதைப் பிடித்து இப்படியும் அப்படியும் அரைச் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வாளியின் வெளிப்பக்கம் முதலில் வியர்த்தது. முத்து முத்தாகத் தண்ணீர். பிறகு அடியிலிருந்து ஒரு வெள்ளை மேலே ஏறியது. மாவு பூசினாற்போல மெல்லிய படலம். விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. எடுத்தபோது விரல் ரேகை அப்படியே வாளியில் தெரிந்தது. மரக்காணத்தில், வைகாசியில், திண்ணையில் பனி. அவள் ஒன்றும் பேசாமல் அதில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். ஐம்பது நிமிடத்தில் குப்பிகள் கெட்டியாகிவிட்டன.

டீயைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு லிட்டர் கேன் தண்ணீர், முடிந்த புல் இரண்டு தாள், ஐந்து நிமிடக் கொதி. இறக்கி, 10 கிராம் இலை, நான்கு நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது. வடிகட்டும்போது பிழியக்கூடாது. ஒரு கைப்பிடி புதினா போட்டு மூடி ஐந்து நிமிடம், பிறகு அதையும் எடுத்துவிட வேண்டும். தூக்கோடு முதலில் பச்சைத் தண்ணீரில் வைத்துச் சூட்டை இறக்கிவிட்டு, பிறகு ஐஸ் வாளியில். எலுமிச்சை பிழிந்ததும் நிறம் சட்டென்று வெளுக்கும். ஈரச் செங்கல் நிறம் தேன் நிறமாகும். அந்த ஒரு கணத்துக்காகவே கண்ணாடித் தம்ளரில் செய்யலாம். நன்னாரிச் சாறு நாலு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இதை அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும். இலை ஊறின தண்ணீர் இந்த வெயிலில் ராத்திரி தங்காது.

*

நான்கு நிமிடம் என்பதைப் பற்றி.

அக்காவிடம் பாத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன; எல்லாம் சாப்பாட்டு உப்பு இல்லை. வற்ற வற்ற ஒவ்வொன்றாக இறங்கும். உப்பள அளவுகோலில் கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. ஏற ஏற, நம் உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு. 30ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசக்கும்.

“கசப்பு கடைசியிலதான் வரும் தம்பி. அதுக்கு முன்னாடி வடிச்சிடணும். ஆசைப்பட்டு விட்டா மொத்தமும் கெட்டுடும்.”

டீயும் அப்படித்தான் வருகிறது. மணம் முதலில், நிறம் அடுத்து, முரட்டுத் துவர்ப்பு கடைசியில். இவ்வளவு வருஷம் கசப்பு வந்த பிறகுதான் டீ தயார் என்று நினைத்து வடித்துக்கொண்டிருந்தேன்.

*

வாளியில் மிஞ்சிய உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது? தொட்டிப் பக்கம் கொட்டினால் துளசி போய்விடும். இரண்டு எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மேல்காத்து. பதினொரு மணிக்கு ஏறிப் பார்த்தால் தண்ணீரின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் மிதந்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம்போல, உள்ளே படிப்படியாகக் குழிந்து, ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. மூச்சு பட்டதும் ஒன்று தள்ளாடி முழுகியது. முழுகிய இடத்தில் அடியில் ஏற்கெனவே நூறு. அத்தனை குளிரையும் கொடுத்துவிட்டு, எதுவும் குறையாமல் உப்பு திரும்ப வந்திருந்தது.

அன்று ராத்திரி தாம்பாளத்தை எடுக்க மறந்தேன். காலையில் கட்டங்களின் முனை மழுங்கி, எல்லாம் நனைந்து கிடந்தன. காற்றில் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தண்ணீரை விடாது, வாங்கிக்கொள்ளும். உப்பளத்தில் பகலெல்லாம் காய்ந்த பாத்தி ராத்திரியில் கடற்காற்றிடமிருந்து கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பாத்தி, வரப்பு, சாலையோரக் குவியல் எல்லாம் ஒரே தண்ணீர். அப்போது அக்கா மாதக் கணக்கில் வீட்டில் இருந்தார். திண்ணைக்கு வரவில்லை, நானும் பானை வைக்கவில்லை.

*

இந்தக் கரையில் குடிக்கும் பொருளைப் பற்றிப் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் படுத்த ஒட்டகங்கள்போலக் கிடக்க, அந்த மண விறகில் நெருப்பு மூட்டி, நெய்தல் பெண் வடித்த பழைய கள்ளை வழிப்போக்குப் பாணனுக்குக் கொடுக்கிறார்கள், சுட்ட மீனோடு. புல்லை முடிந்து கொதிக்கவைக்கும்போது எனக்கு அந்த விறகு ஞாபகம் வந்தது.

2023 மே மாதம் இதே கரையில் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதுவும் ஞாபகம் வந்தது. வெயிலில் உடம்பு முறிய வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு என்ன குடிக்கக் கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

*

செவ்வாய்க்கிழமை மறுபடி எல்லாவற்றையும் செய்தேன். ஒன்பது மணிக்கு டீத் தூக்கும், பிளாஸ்கில் வெட்டிவேர் ஐஸும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணன் மகளும் உப்பளத்துக்குப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் நின்றிருந்தது. இறங்கியவர்கள் உப்புக் குவியல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரப்பில் இறங்கினோம். வரப்பு ஓரத்தில் உமரி சிவந்து கிடந்தது. ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டாள். “உப்பு போட்ட கீரை” என்று துப்பினாள்.

பார்க்கும் பக்கமெல்லாம் வெள்ளை; கண்ணைச் சுருக்காமல் நிற்க முடியவில்லை. அக்கா கடைசிப் பாத்தியில் இருந்தார். நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். சரக், சரக் என்று ஈர உப்பு நகரும் சத்தம். எங்களைப் பார்த்ததும் பலகையைச் சாய்த்துவிட்டு வந்தார். கூட இருந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

டம்ளரில் டீயை ஊற்றி ஒரு ஐஸ் துண்டைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா குடிக்கவில்லை. முதலில் ஐஸை விரலால் வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். உப்பு அரித்துக் கோடு கோடாக வெடித்த கை. வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடி, சொட்டியது. கண்ணை மூடியிருந்தார். வெட்டிவேர் வாசம் வந்தது. டீயில் வராத வாசம், அந்தக் கையிலிருந்து வந்தது.

“வீணாக்கிட்டேன் பாரு” என்று சிரித்தார். அண்ணன் மகள் இன்னொரு துண்டு கொடுத்தாள். இந்தத் தடவை டம்ளரிலேயே விட்டு, முதல் மடக்கை வாயில் வைத்திருந்தார். நாங்கள் நான்கு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நல்லாத்தான் இருக்கு. உப்புதான் பத்தல தம்பி.”

குனிந்து, காலடியில் இருந்த குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு டம்ளரில் போட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றிக் குடித்தார். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கல் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது டம்ளர் பாதியில் இருக்கும்போது அவர் முந்தானை எதிர்ப்பக்கம் பறந்தது. டம்ளரை இறக்கினார். பாத்தித் தண்ணீரில் சின்ன அலைகள் இப்போது எங்கள் பக்கமிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தன.

“கடக்காத்து வந்துடுச்சு. இன்னிக்கு சீக்கிரமே.” மிச்சத்தைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். “பாப்பாவ கூட்டிட்டுக் கெளம்பு. இனிமே பான குளிராது, மோர் கலந்து வை. நான் இந்த ஒரு பாத்திய வாரிட்டு வந்துடுறேன்.”

பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தூக்கில் இரண்டு டம்ளர் டீ மிச்சம் இருந்தது. வரப்பில் வைத்துவிட்டு வந்தோம்.